கோடையில வெள்ளாடு என்னதான் திங்குது? வெச்சுக்கலாமா வித்துடலாமா?

ஏப்ரல் 17, காலை (கேள்வி)

மன்னார்குடி பக்கம் கிராமம். மெட்ராஸ் வேலைய விட்டுட்டு வந்து எட்டு வெள்ளாடு வாங்கியிருக்கேன். அறுப்பு முடிஞ்சு உளுந்தும் எடுத்தாச்சு, வயல் வெடிச்சு கெடக்கு, பேருக்குக் கூட புல்லு இல்ல. கோடையில ஆட்டுக்கு பட்டினிதான், இப்ப வித்துட்டு மழைக்கு அப்புறம் வாங்கு, பச்சை இருக்கறப்ப சமாளிச்சுடலாம்னு தெருவுல எல்லாரும் சொல்றாங்க. நிஜமா? வறண்ட தரையில வெள்ளாடு என்னதான் திங்குது?

ஏப்ரல் 17, ராத்திரி (பதில்)

விக்காத தம்பி. அவங்க மாட்ட மனசுல வெச்சு சொல்றாங்க. மாடு தரையப் பாத்து மேயும், தரையில புல்லு இல்லன்னா அதுக்கு கஷ்டந்தான். வெள்ளாடு அண்ணாந்து மேயற ஜாதி. நான் பொறந்தது திருத்துறைப்பூண்டி பக்கம், வாக்கப்பட்டு வந்தது செங்கிப்பட்டி பக்கம் செம்மண் மேட்டுக்கு, ரெண்டு எடத்துலயும் ஆடு பாத்திருக்கேன், இப்ப பட்டியில 22 உருப்படி நிக்குது. நான் பாத்த வரைக்கும் நம்ம டெல்டாவுல வெள்ளாட்டுக்கு பட்டினி மாசம் சித்திரை வைகாசி இல்ல. ஐப்பசி கார்த்திகைதான். ஊரே பச்சப்பசேல்னு இருக்கும், அந்தப் பச்சையில ஒரு வாய் வெக்க முடியாது, எல்லாம் அடுத்தவங்க நெல்லு. வரப்புல புல்லு இருக்கும், வரப்புக்கு ரெண்டு பக்கமும் சம்பா நிக்கும். அதுக்கு மேல அடமழை. மழை தூறுனா வெள்ளாடு கொட்டகைய விட்டு ஒரு அடி நகராது. நாலு நாள் தொடர்ந்து பேஞ்சா நாலு நாளும் நீதான் தழை ஒடிச்சு போடணும்.

இப்பதான் அதுக்கு தரிசு பூரா தொறந்து கெடக்கு. நாளைக்கு உன் எட்டையும் அவுத்து விட்டுட்டு பின்னாடியே போயி பாரு.

ஏப்ரல் 18

நேத்து சொன்னதுல "என்ன திங்குது"ங்கறத விட்டுட்டேன். கோடையில வெள்ளாட்டுக்கு சாப்பாடு மரத்துலேருந்து விழுது. பழுத்து விழுற பூவரச இலை, வேப்பம்பூ, புங்கம்பூ, கோயில் பக்கம் இலுப்ப மரம் இருந்தா இலுப்பப்பூ, ஆலம்பழம், அரசம்பழம், கொடுக்காப்புளி, வாகை நெத்து (முத்திக் காஞ்ச காய்), எல்லாத்துக்கும் மேல நாட்டுக்கருவேல நெத்து. பங்குனியில ஆரம்பிச்சு வைகாசி வரைக்கும் கருவேல நெத்து உதிரும். தரையில புல்லு சருகாகி சத்தெல்லாம் போயிட்ட நேரத்துலதான் இந்த நெத்து வருது, புரதம் உள்ள தீனி. அந்த நேரத்துல அது இல்லன்னா மேட்டுக்காட்டுல ஆடே நிக்காது.

ஆனா தைலமரத் தோப்புல கொண்டு போயி விடாத. எங்க பக்கம் அது நெறைய. தைலத்தழைய ஆடு தொடாது, அடியில புல்லும் வராது.

ஏப்ரல் 23

இன்னிக்கு மொட்டவாலுன்னு ஒரு தாயாடு, அது பின்னாடியே காலையில ஏழு மணிக்கு கெளம்பி பத்து மணி வரைக்கும் நடந்தேன். தம்பிகிட்ட போயி பாருன்னு சொன்னோமே, நாமளே ஒழுங்கா பாத்து எத்தன வருஷமாச்சுன்னு தோணுச்சு.

பட்டிய விட்டு வந்ததும் பூவரச மரத்தடியில பழுத்த இலையா பொறுக்குச்சு. மஞ்சளா விழுந்ததை எடுக்குது, காஞ்சு மொறமொறன்னு ஆனத மோந்துட்டு விட்டுடுது. அங்கேருந்து வேலியோரம். சூரமுள்ளுல இலை எடுக்கறத கிட்ட உக்காந்து பாத்தேன், மேலுதட்ட ஒரு பக்கமா சுருட்டி, முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவுல நொழச்சு, இலைய மட்டும் உருவிக்குது. முள்ளு உதட்டுல படவே இல்ல. ஒரு செடியில பத்து பன்னெண்டு வாய், அதுக்கு மேல நிக்கல, அடுத்த செடி. நிறைய இருக்கே, இங்கயே நின்னு தின்னாதான் என்னன்னு நமக்கு தோணும், அது கேக்காது.

ஒம்போது மணிவாக்குல மேக்கால காத்து கெளம்புச்சு. ஏரி உள்வாயில கருவேல மரம் நெத்தோட சலசலன்னு ஆடுச்சு. மொட்டவாலு தலைய தூக்கி காத விடச்சுது, அப்புறம் ஒரே ஓட்டம், மத்ததெல்லாம் அது பின்னாடி. நெத்து விழற சத்தம் அதுக்கு தெரிஞ்சிருக்கு. நான் போயி சேர்றதுக்குள்ள மரத்தடிய கூட்டி விட்டா மாதிரி ஆக்கிடுச்சுங்க.

நுனிப்புல் மேயறவன்னு ஆளுங்கள திட்டுறோம். நுனியிலதான் தளிரு, சத்து, சீக்கிரம் செரிமானம் ஆகறதும் அதுதான். அடித்தண்டு வெறும் நாரு. வெள்ளாட்டுக்கு மாடு மாதிரி பெரிய வயிறு கெடையாது, நார அள்ளிப்போட்டு ஊற வெக்க முடியாது, அதனால பொறுக்கித்தான் தின்னாகணும்.

ஏப்ரல் 24

பட்டுக்கோட்டை அண்ணன் கேட்டிருந்தீங்க, ஆடு தின்னாத தழைன்னு ஒண்ணு உண்டான்னு. ஆடாதோடைன்னு பேரே சொல்லிடுதே, ஆடு தொடாதது. ஆடுதீண்டாப்பாளையும் அப்படித்தான். நொச்சிய எங்க ஆடு மோந்து கூட பாக்காது. எருக்கும் தொடாது. பூச்சிவிரட்டிக்கு ஊற வெக்கற தழையெல்லாம் ஆடு மாடு தின்னாததுன்னு சொல்லி அதுல வேம்பையும் சேக்கறாங்க பாருங்க, அதுதான் பொருந்தல. கோடையில எங்க பட்டியில முதல்ல காலியாகறது வேப்பங்கொழைதான்.

மே 9

எருக்கு தொடாதுன்னு எழுதுனேன், அது தப்பு. இன்னிக்கு ரெண்டு ஆடு எருக்கிலைய தின்னதை கண்ணால பாத்தேன். செடியில இருந்த பச்சை இலை இல்ல, யாரோ வெட்டிப்போட்டு வெயில்ல வாடி பால் வத்துன இலை. பச்சையில தொடாதது வாடுனா தொடுது. இனிமே "தின்னாது"ன்னு எழுதறப்ப எந்த மாசம், பச்சையா வாடுனதான்னும் சேத்து எழுதறேன்.

மே 11

சீமக்கருவேல நெத்து பத்தி மூணு பேரு கேட்டிருக்கீங்க. இலைய ஆடு தொடறதில்ல. நெத்து இனிப்பு, ஆசையா திங்கும், தப்பில்ல. ஆனா அதுவே முழுத்தீனியா போச்சுன்னா கெடுதல். பிரேசில்ல இதே இனத்து நெத்த மாசக்கணக்கா தின்ன மாடு ஆட்டுக்கெல்லாம் தாடை நரம்பு கெட்டு, மெல்ல முடியாம, வாய் கோணி எளச்சு போனதுன்னு கால்நடை மருத்துவம் படிக்கற என் பொண்ணு சொல்லுச்சு. நம்ம ஊருல மத்த தழையும் கெடைக்கறதால அவ்வளவு தூரம் போறதில்ல. இன்னொண்ணு, வெதை வயித்துல சாகாம புழுக்கையில வெளிய வந்து நல்ல தரிசெல்லாம் மொளைச்சுடுது. அதனால நான் இப்ப நெத்த பொறுக்கி காயவெச்சு உரல்ல இடிச்சுத்தான் போடறேன். வெதையும் நொறுங்கிடும், அந்த சத்தும் ஆட்டுக்கு சேரும்.

மே 12

நேத்து புழுக்கையில வெதை வருதுன்னு எழுதிட்டு காலையில பட்டி கூட்டும்போது பாக்கறேன், ஆடு படுத்து எந்திரிச்ச எடத்துல நாட்டுக்கருவேல வெதை கும்பலா கெடக்கு, புழுக்கை ஒட்டாம, கழுவி வெச்ச மாதிரி. ராத்திரி அசை போடறப்ப துப்பியிருக்கு. ஒரு ஆட்டு பக்கத்துல லைட்ட அணச்சுட்டு உக்காந்திருந்தேன். கழுத்துல உருண்டை மேல ஏறுது, மெல்லுது, கொஞ்ச நேரத்துல டொக்குனு ஒரு வெதை தரையில விழுது. மொராக்கோவுல ஆர்கன் மரத்துல ஏறி திங்கற ஆடு கொட்டைய அசை போடறப்ப துப்புதுன்னு ஸ்பெயின்காரங்க 2017ல எழுதியிருக்காங்களாம். பட்டியில பொறுக்குன கருவேல வெதை நல்லா மொளைக்கும்னு எங்க மாமனார் பை பையா சேத்து வெப்பாரு. கொழகொழன்னு இருக்கற சின்ன வெதை புழுக்கையில போகுது, பெருசு வாய் வழியா வருது போல. எங்க பட்டியில ரெண்டும் நடக்குது.

மே 20

தம்பி, உன் கேள்வி, "கருவேல நெத்து துவர்ப்பாச்சே, வயித்துக்கு ஒண்ணும் ஆகாதா?" நெத்த மட்டுமே குடுத்தா ஆகும், புழுக்கை கட்டிப்போகும். அவுத்து விட்டா ஆடே பாத்துக்கும். துவர்ப்பு கொஞ்சம், கசப்பு கொஞ்சம், இனிப்பு கொஞ்சம்னு மாத்தி மாத்தி எடுக்குது. அன்னிக்கு மொட்டவாலு ஒரே செடியில நிக்காம போயிக்கிட்டே இருந்துச்சே, காரணம் இதுதான்னு இப்ப புரியுது. அமெரிக்காவுல யூட்டாவுல ப்ரொவென்சான்னு ஒருத்தரு வறண்ட காட்டுல ஆட்ட விட்டு வருஷக்கணக்கா பாத்தாரு. அங்க ஒரு புதர்ச்செடி, அதுல இளந்தளிர்லதான் சத்து அதிகம், துவர்ப்பும் அதிகம். முதல்ல தளிர தின்ன ஆடு பிற்பாடு அத விட்டுட்டு பழைய குச்சிக்கு மாறிடுச்சாம். ஒரு மந்தை மட்டும் அங்க இருக்கற ஒரு வகை எலியோட கூட்ட பிரிச்சு தின்ன ஆரம்பிச்சிருக்கு. எலி மூத்திரம் ஊறுன கூட்டுல நைட்ரஜன் இருக்கு, அந்த மந்தைதான் மத்தத விட நல்லா இருந்துச்சாம்.

ஒரு ஆடு கண்டுபிடிச்சா மத்ததும் கத்துக்குது, குட்டி தாயப் பாத்து கத்துக்குது. அதனாலதான் சொல்றேன், ஆட்ட வாங்கறப்ப எந்த ஊரு ஆடு, எதை தின்னு வளந்துச்சுன்னு கேளு. கட்டிப்போட்டு தீவனம் தின்ன ஆட்ட தரிசுல விட்டா முள்ளப் பாத்துட்டு கத்திக்கிட்டு நிக்கும்.

ஜூன் 15

மேட்டூர்ல தண்ணி விட்டாச்சு. ஆத்து பக்கம் இருக்கற ஊருக்கெல்லாம் இனிமே நாத்தங்கால் வேலை ஆரம்பிச்சுடும், ஆட்ட கட்டுங்கன்னு சொல்லுவாங்க. எங்க மேட்டுல இன்னும் மழை இல்ல, நெத்தும் தீந்து போச்சு. வேப்பம்பழம் விழுது, பழத்த சப்பிட்டு கொட்டைய துப்புதுங்க. ஒதியனும் கிளுவையும் இன்னும் சரியா தழையல.

ஜூலை 18

ஒண்ணு ஒத்துக்கணும். சித்திரை ஒண்ணாந்தேதியிலேருந்து என் பொண்ணு சொல்லி, சினை இல்லாத நாலு ஆட்ட மாசம் ஒருதடவ கொக்கித்தராசுல கோணிப்பை கட்டி எடை போட்டுக்கிட்டு வர்றேன். மொட்டவாலு சித்திரையில 24 கிலோ, ஆனி பொறந்தப்ப 26. நேத்து ஆடி ஒண்ணு, 23 அரை. நாலும் இதே மாதிரிதான் எறங்கியிருக்கு. அப்ப பட்டினி ஐப்பசியிலதான்னு நான் அடிச்சு சொன்னது பாதிதான் சரி. நெத்து தீந்து, மழை வராம, கீழ வயலும் அடைபட்டு போற ஆனி ஆடியில மேட்டுக்காட்டு ஆடு எளைக்குது. "கோடை பட்டினி"ன்னு உங்க தெருவுல சொன்னவங்க இந்த நாள மனசுல வெச்சிருக்கலாம் தம்பி. சித்திரை பேர்ல பழிய போட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

இந்த ஒரு மாசத்துக்குத்தான் கடலைக்கொடிய போர் போட்டு வெக்கணும். ஒரத்தநாடு பக்கம் கடலை பிடுங்கறப்ப சொல்லி வெச்சா கெடைக்கும். வைக்கோல் போடாதீங்க, வேற வழியில்லாம கொறிக்கும், ஒடம்புல ஒட்டாது.

செப்டம்பர் 6

ஆவணி மழை ரெண்டு வாட்டி நல்லா பேஞ்சுது. கொழுக்கட்டைப்புல் மண்ண பொத்துக்கிட்டு வந்திருக்கு. இப்ப பாருங்க, நாலு மாசமா அண்ணாந்து மேஞ்ச அதே ஆடு தலைய குனிஞ்சுட்டு புல்லு மேயுது. வெள்ளாடு புல்லு தின்னாதுன்னு சொல்றவங்க இந்த மூணு வாரம் வந்து பாக்கணும். ஹாஃப்மன்னு ஒரு ஜெர்மன்காரரு 1989ல அசை போடற விலங்கையெல்லாம் மூணு கூட்டமா பிரிச்சு எழுதுனாரு, புல்லு திங்கறது, இலை திங்கறது, நடுவுல காலத்துக்கு தக்க மாத்திக்கறது. வெள்ளாடு அந்த நடுவுல. புல்லு கதிர் வாங்கி தண்டு மொரண்டாச்சுன்னா திரும்ப மரத்துக்கு போயிடும்.

இந்த புது புல்லுல ஒரு பயம் இருக்கு. காஞ்ச தீனியிலேருந்து திடீர்னு இளம்புல்லுக்கு மாறுனா துள்ளுமாரி வரும், அதுவும் கொழுத்த குட்டிக்குத்தான் வரும், சாயங்காலம் துள்ளிக்கிட்டு இருந்தது காலையில செத்து கெடக்கும். மழைக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டுடுங்க. போட்டிருந்தாலும் காலையில கொஞ்சம் காஞ்ச தழைய குடுத்துட்டு அப்புறமா புல்லுக்கு விடுங்க.

செப்டம்பர் 8

சவுண்டல் (சூபாபுல்) தழை போடலாமான்னு கேட்டவங்களுக்கு: போடலாம், மொத்த தழையில மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். அதுல ஒரு நஞ்சு இருக்கு, அதிகமானா முடி கொட்டும், எளைக்கும். ஹவாய் தீவுல ஆடு அத வயிறு முட்ட தின்னும் ஒண்ணும் ஆகலன்னு ரேமண்ட் ஜோன்ஸ்னு ஆஸ்திரேலியாக்காரரு கவனிச்சாரு. அந்த ஆட்டு வயித்துல நஞ்ச முறிக்கற கிருமி இருந்திருக்கு. அத எடுத்துட்டு போயி தங்க நாட்டு கால்நடைக்கு குடுத்தாங்க, 1992ல அந்த கிருமிக்கு அவர் பேரையே வெச்சாங்க.

அக்டோபர் 29

ஆறு நாளா மழை. தினம் ரெண்டு கட்டு கொழை. அலக்கு (கொழை ஒடிக்கற கொக்கிக்கம்பு) புடிச்ச கையில காப்பு காச்சிருக்கு. பூவரசு, கல்யாணமுருங்கை, அகத்தி, ஆலங்கொழை. கீழ போடாதீங்க, ஒருதடவ காலு பட்டு புழுக்கை பட்டா அத திரும்ப தொடாது, அள்ளி வெளிய கொட்ட வேண்டியதுதான். கொட்டகை விட்டத்துல கயித்துல தலைகீழா கட்டி தொங்க விடுங்க, ஆட்டு தலை ஒசரத்துக்கு கொஞ்சம் மேல இருக்கற மாதிரி. எட்டி பறிச்சு திங்கறப்ப ஒரு இலை வீணாகாது.

நவம்பர் 16

இன்னிக்கு தேதிய பாத்ததும் கஜா நெனப்பு. 2018ல இதே நாள். எங்க அம்மா வீட்டுல அப்ப 14 ஆடு. விடியக்காலம் வேதாரண்யத்துகிட்ட கரைய கடந்துட்டு போன காத்து, தெருவுல ஒரு மரம் மிச்சமில்ல. பூவரசு, வாகை, வேம்பு, தென்னை எல்லாம் படுத்து கெடந்துச்சு. ரெண்டு வாரம் ஆட்டுக்கு விருந்து. சாஞ்ச மரத்து மேல ஏறி நின்னு வாழ்நாள்ல எட்டாத உச்சிக்கொழைய தின்னுச்சுங்க. சனங்க சோத்துக்கு லைன்ல நிக்குது, ஆடு வயிறு பொடச்சு நிக்குது, பாக்க அப்படி ஒரு மாதிரி இருந்துச்சு. அந்த இலையெல்லாம் காஞ்சதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. அடுத்த கோடையில உதிர ஒண்ணுமில்ல. நெத்து இல்ல, பூ இல்ல, பழுத்த இலை இல்ல, நெழலும் இல்ல. அம்மா ஒண்ணொண்ணா வித்து கடைசியில ரெண்டோட நின்னுடுச்சு. புல்லு அந்த வருஷமும் மொளைச்சுது, மரந்தான் இல்ல. அதுலேருந்து ஆடு வெக்கணும்னு யாரு கேட்டாலும் உங்க வீட்ட சுத்தி என்ன மரம் நிக்குதுன்னுதான் முதல்ல கேக்கறேன். உன்கிட்ட கேக்க மறந்துட்டேன் தம்பி. என்ன மரம் நிக்குது?

நவம்பர் 18

ரெண்டு பூவரசு, ஒரு முருங்கைன்னா எட்டு ஆட்டுக்கு பத்தாது. இந்த மழையிலயே பூவரசங்கம்பு வெட்டி வேலியோரம் ஊனிடு, ஈரத்துல வேர் புடிச்சுடும். கல்யாணமுருங்கையும் கம்புலயே வரும். அகத்தி வெதை போடு. இந்த வருஷத்துக்கு இல்ல, ஆனா அடுத்த ஐப்பசிக்கு ஒரு கை குடுக்கும்.

வாய்க்கால் கரை புல்ல அறுத்து போடறேன்னு எழுதியிருந்த, அது வேணாம். தண்ணி ஓரத்து புல்லுல நத்தையிலேருந்து வர்ற தட்டைப்புழு ஒட்டியிருக்கும், கல்லீரல்ல போயி உக்காந்துக்கும், ரெண்டு மாசம் கழிச்சு தாடைக்கு கீழ நீர் கோத்து பை மாதிரி தொங்கும். மேயவிட்டாலும் பனி ஒலந்து வெயில் ஏறுனப்புறம் விடு, ஈரத்துல குடல்புழு புல்லுல ஏறி நிக்கும். மரத்துல மேயற ஆட்டுக்கு அந்த தொல்லை கம்மி.

டிசம்பர் 17

மார்கழி எடை. மொட்டவாலு 21. ஆடியில எறங்குனது ஆவணி புரட்டாசியில 25 வரைக்கும் ஏறி, இப்ப இப்படி. நான் தழை ஒடிச்சு போட்டும் இப்படி. அப்ப ரெண்டு பள்ளம் இருக்கு, ஆடியில சின்னது, கார்த்திகையில பெருசு.

முத்துப்பேட்டை தங்கச்சி, உங்க பக்கம் அலையாத்தி இலைய ஆடு திங்குதுன்னு எழுதுனதுக்கு நன்றி. உப்புக்காகத்தான் தேடி போகும்னு நெனக்கறேன். அங்க குடிதண்ணி தாராளமா வெய்யுங்க.

ஜனவரி 30

மேட்டூர் வழக்கம்போல 28ஆம் தேதியோட மூடியாச்சு, கீழ அறுப்பு மிஷின் எறங்கியாச்சு. எல்லாரும் ஆட்ட அவுத்து விட துடிப்பீங்க. கொஞ்சம் பொறுங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே தை மாசம், எங்க கறுப்பி, வயித்துல குட்டியோட, மிஷின் திரும்பற மூலையில கொட்டிக்கெடந்த நெல்ல தின்னுடுச்சு. சாயங்காலம் நல்லாத்தான் வந்துச்சு. மறுநாள் படுத்தது எந்திரிக்கல, எடது பக்கம் வயிறு உப்பி, தட்டுனா உள்ள தண்ணி சலசலங்குது, கழிச்சல்ல புளிச்ச வாடை. நான் அஜீரணம்னு நெனச்சு வெத்தலை மெளகு குடுத்துக்கிட்டு இருந்தேன். டாக்டர் வந்தப்ப நேரம் போயிடுச்சு. தானியம் ஒரே நேரத்துல நெறைய உள்ள போனா வயிறு அமிலமாயிடும், சமையல் சோடாவ தண்ணியில கரச்சு முதல் நாளே குடுத்துட்டு உடனே ஆள கூப்பிட்டிருக்கணும்னாரு. இன்னும் எனக்கு அது ஆறல. அறுத்த வயல்ல மொத பத்து நாள் விடாதீங்க. விட்டாலும் வயிறு நெறைய தழை போட்டு விடுங்க, மிஷின் திரும்புன மூலைய நீங்களே ஒருதடவ நடந்து பாத்துடுங்க.

பிப்ரவரி 21

ராமநாதபுரத்துக்காரங்க கெடை (ஊர் ஊரா மேச்சுக்கிட்டு போற மந்தை) நேத்து எங்க ஊருக்கு வந்துடுச்சு. முக்காவாசி செம்மறி, நடுவுல முப்பது நாப்பது வெள்ளாடு. செம்மறி அறுத்த தாளுல தல தூக்காம மேஞ்சுக்கிட்டே போகுது, வெள்ளாடு வயல குறுக்க கடந்து நேரா கரையில இருக்கற மரத்துக்கு போகுது. ஒரே தரிசு, சண்டையில்ல. கெடைக்கார பெரியவருகிட்ட பட்டினி மாசம் எதுன்னு கேட்டேன். "எங்க ஊருல இருந்தா சித்திரை, உங்க ஊருல இருந்தா ஐப்பசி, அதனாலதாம்மா நடந்துக்கிட்டே இருக்கோம்"னாரு.

தம்பி, உன்கிட்ட இப்ப எட்டுக்கு பதினொண்ணுன்னு எழுதியிருந்த. பங்குனி ஒண்ணுலேருந்து நீயும் எடை போடு, சினை இல்லாததா ரெண்டு போதும். உங்க பள்ளத்து கணக்கையும் எங்க மேட்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கணும். கொக்கித்தராசு தஞ்சாவூர்ல பாத்திரக்கடையிலயே கெடைக்கும், 50 கிலோ வரைக்கும் புடிக்கறதா வாங்கு.